போக ஆறரை மணி, வர ஒன்றரை மணி: ஒரு பயணச்சீட்டு நடத்திய பாடம்

காஞ்சிபுரத்துக் குழந்தைகளிடம் ‘விமானம்’ என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது கோயில்தான். கருவறைக்கு மேல் எழும் கட்டுமானத்துக்கும் விமானம் என்றே பெயர். வரதராஜப் பெருமாள் கோயிலின் புண்ணியகோடி விமானத்தை அவர்கள் பார்த்து வளர்கிறார்கள். 2022-இல் பரந்தூர் பகுதியில் புதிய விமான நிலையம் பற்றிய அறிவிப்பு வந்த பிறகு, வானில் பறக்கும் விமானமும் எங்கள் மாவட்டத்து வீடுகளில் அன்றாடப் பேச்சாகிவிட்டது. நிலம், ஏரி, வீடு என்று அந்தப் பேச்சுக்குப் பல பக்கங்கள் உண்டு. நான் இங்கே எழுத வந்தது வேறொரு விமானத்தைப் பற்றி. என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா வந்து இறங்கிய விமானம் அது.

அவர் தறி நெய்தவர். சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர், முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தார். பயணச்சீட்டின் படத்தை முன்கூட்டியே கைபேசியில் அனுப்பியிருந்தார். சிங்கப்பூரில் இரவு 8.30-க்குப் புறப்பாடு, சென்னையில் இரவு 10.05-க்கு வருகை. வீட்டில் எல்லோரும் 8.30 வரை அவரோடு பேசலாம் என்று நினைத்திருந்தார்கள். ஆனால் மாலை ஆறு மணிக்கு முன்பே அவருடைய கைபேசி அணைந்துவிட்டது. ஏழு மணிக்கும் கிடைக்கவில்லை, எட்டு மணிக்கும் கிடைக்கவில்லை. ஆயா அழ ஆரம்பித்துவிட்டார். அம்மா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். “விமானம் ஏறவே இல்லையோ, ஏதாவது ஆகிவிட்டதோ” என்ற பயத்தோடுதான் வாடகைக் காரில் ஏறி மீனம்பாக்கம் போனார்கள். பத்தேகாலுக்கு அப்பா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

மறுநாள் அந்த மாணவி ஒரு தாளுடன் வந்தாள். அப்பா போன பயணமும் வந்த பயணமும் அதில் எழுதப்பட்டிருந்தன.

சென்னை இரவு 11.15 – சிங்கப்பூர் காலை 5.50.
சிங்கப்பூர் இரவு 8.30 – சென்னை இரவு 10.05.

“போகும்போது ஆறரை மணி நேரத்துக்கு மேல ஆகுது. வரும்போது ஒன்றரை மணி நேரந்தான். ஏன் டீச்சர்?”

வகுப்புக்குப் போகும் அவசரத்தில் இருந்தேன். “வரும்போது காத்து பின்னாலிருந்து தள்ளும்மா” என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவள் நம்பிவிட்டாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 2,920 கி.மீ. அதை 1 மணி 35 நிமிடத்தில் கடக்க மணிக்கு 1,800 கி.மீ.க்கு மேல் பறக்க வேண்டும். ஒலியின் வேகமே தரைமட்டத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,235 கி.மீ.தான். ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டு பயணிகள் விமானமும் 2003-லேயே நின்றுவிட்டது. எந்தக் காற்றும் ஒரு சாதாரணப் பயணிகள் விமானத்தை அப்படித் தள்ளாது. நான் சொன்னது தவறு.

மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். “நேத்து உங்க தோழிகிட்ட ஒரு தப்பான பதில் சொல்லிட்டேன். சரியான பதிலை எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்.” அடுத்த ஐந்து பாடவேளைகள் அந்தத் தாளிலேயே போயின.

கடிகாரத்தை ஒரே ஊரில் வைத்தல்

பயணச்சீட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இதை நானே சொல்லிவிடாமல், அந்தத் தாளிலிருந்தே எடுக்கச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் இரு மாறிகளில் அமைந்த நேரியல் சமன்பாடுகள் இருக்கின்றன அல்லவா?

உண்மையான பறக்கும் நேரம் ஒரு மாறி, கடிகார வேறுபாடு இன்னொரு மாறி. கிழக்கே போகும்போது கடிகார வேறுபாடு கூடுகிறது, மேற்கே வரும்போது கழிகிறது.

பறக்கும் நேரம் + வேறுபாடு = 6 மணி 35 நிமிடம்
பறக்கும் நேரம் – வேறுபாடு = 1 மணி 35 நிமிடம்

இரண்டையும் கூட்டினால் பறக்கும் நேரத்தின் இரு மடங்கு 8 மணி 10 நிமிடம். எனவே பறக்கும் நேரம் 4 மணி 5 நிமிடம். கழித்தால் வேறுபாட்டின் இரு மடங்கு 5 மணி, வேறுபாடு இரண்டரை மணி. பாடநூலில் பேனா விலையும் பென்சில் விலையும் கண்டுபிடித்து அலுத்துப்போன பிள்ளைகள், இரண்டு வரி விடையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரு திசைகளிலும் பறக்கும் நேரம் சமம் என்று வைத்துக்கொண்டோம் என்பதையும் சொல்லிவைத்தேன். அந்த எடுகோள் எப்போதும் சரியாக இராது. அதைப் பிறகு பார்த்தோம்.

இப்போது மாணவிக்கு வீட்டில் நடந்தது விளங்கிவிட்டது. சிங்கப்பூரில் இரவு 8.30 என்றால் காஞ்சிபுரத்தில் மாலை 6.00. அப்பாவின் கைபேசி சரியான நேரத்தில்தான் அணைந்திருக்கிறது.

இந்த இடத்தில் சமூக அறிவியல் ஆசிரியரையும் வகுப்புக்கு அழைத்துக்கொண்டேன். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 80.17 பாகை கிழக்குத் தீர்க்கத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் சாங்கி 103.99. வேறுபாடு ஏறத்தாழ 24 பாகை, அதாவது 96 நிமிடம். ஆனால் கடிகார வேறுபாடு 150 நிமிடம். மீதி 54 நிமிடம் எங்கிருந்து வந்தது?

கடிகாரம் சூரியனை மட்டும் பார்த்து ஓடுவதில்லை, அரசின் முடிவையும் பார்த்து ஓடுகிறது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கத்தைக் கொண்டது. 82.5 × 4 = 330 நிமிடம், அதாவது கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். சிங்கப்பூரோ மலேசியாவோடு சேர்ந்து 1982-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, எட்டு மணி நேர வேறுபாட்டுக்கு மாறியது. அது 120 பாகைத் தீர்க்கத்துக்கு உரிய நேரம். 120-இல் 82.5 போனால் 37.5. அதை 4-ஆல் பெருக்கினால் 150. கணக்கு சரியாக வந்தது.

“அதனாலதான் டீச்சர், ‘இங்க ஏழு மணிக்குத்தான் விடியுது’ன்னு அப்பா சொல்லுவாரு” என்றாள் அவள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறது. இதைவிட நல்ல சான்று எந்த நூலிலும் கிடைக்காது.

ஒரு பாகை எத்தனை கிலோமீட்டர்?

அடுத்த கேள்வி தூரம். 2,920 கி.மீ. என்று யார் அளந்தார்கள், நாடா பிடித்தா அளந்தார்கள் என்று ஒரு மாணவன் கேட்டான்.

ஒரு வகையில் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பரங்கிமலையடியில் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் நூறு அடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்த அடிக்கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போனதுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் அளவை. நிலப்படம் வரைவது அதன் ஒரு நோக்கம். தீர்க்கக் கோட்டில் ஒரு பாகையின் நீளம் எவ்வளவு, பூமியின் வடிவம் என்ன என்று அறிவது இன்னொரு நோக்கம். லாம்டன் 1823-இல் இறந்த பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

நாம் வகுப்பில் 111 கி.மீ. என்ற எண்ணைக் கொண்டால் போதும். மீட்டர் என்ற அலகைப் பிரெஞ்சு அறிஞர்கள் வகுத்தபோது, துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்றுதான் வைத்தார்கள். அந்தத் தூரம் 10,000 கி.மீ. அதில் 90 பாகை. 10,000-ஐ 90-ஆல் வகுத்தால் 111.1.

முதலில் மிக எளிய பயணத்தை எடுத்தோம். சென்னையும் யாழ்ப்பாணமும். 2019-இல் பலாலி விமானத்தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அங்கே சென்னையிலிருந்து விமானம் போகத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தின் தீர்க்கம் 80.07, சென்னையின் தீர்க்கம் 80.17. ஏறக்குறைய ஒரே கோடு. அட்சங்கள் 9.79, 12.99. வேறுபாடு 3.2 பாகை. 3.2 × 111 = 355 கி.மீ. ஒரே பெருக்கலில் இன்னொரு நாட்டுக்குப் போய்விட்டோம்!

அடுத்தது மதுரை. அட்சம் 9.83, தீர்க்கம் 78.09. இப்போது தெற்கேயும் போக வேண்டும், மேற்கேயும் போக வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்குத் தறியை வைத்துச் சொன்னேன். தீர்க்கக் கோடுகள் பாவு இழைகள், அட்சக் கோடுகள் ஊடை இழைகள். தறியில் பாவு இழைகள் கடைசிவரை இணையாகப் போகும். பூமியில் அப்படியில்லை, துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போய் அங்கே ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும். நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கம் 111 கி.மீ., சென்னையில் 108, லண்டனில் ஏறத்தாழ 69. எவ்வளவு சுருங்குகிறது என்பதை அட்சத்தின் கொசைன் மதிப்பு சொல்லும்.

சென்னை–மதுரைக்கு நடு அட்சம் 11.4 பாகை, அதன் கொசைன் 0.98. மேற்கே 2.08 × 0.98 × 111 = 226 கி.மீ. தெற்கே 3.16 × 111 = 351 கி.மீ. இவை செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். பிதாகரஸ் தேற்றப்படி கர்ணம் 417 கி.மீ. சாலை வழியோ ஏறத்தாழ 460 கி.மீ. சிங்கப்பூருக்கும் இதே முறையில் போட்டுப் பார்த்தோம், 2,924 கி.மீ. வந்தது.

பட்டு நூல் காட்டிய வழி

“அப்போ லண்டனுக்கும் இப்படியே போடலாமா?” என்றான் ஒருவன். போட்டார்கள். ஏறத்தாழ 8,700 கி.மீ. வந்தது. உண்மையான மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 8,230 கி.மீ. மதுரைக்கும் சிங்கப்பூருக்கும் பொருந்திய முறை லண்டனுக்கு 450 கி.மீ.க்கு மேல் பிசகிவிட்டது. பிழை பிதாகரஸ் தேற்றத்தில் இல்லை. அது தட்டையான தளத்துக்கு உரிய தேற்றம். தூரம் அதிகமாகி, நிலநடுக்கோட்டை விட்டும் விலகும்போது பூமியின் வளைவு கணக்கில் தலைகாட்டிவிடும்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பொருள் கைகொடுத்தது. மாணவர்கள் வீட்டிலிருந்து முழநீளப் பட்டு இழைகள் கொண்டுவந்தார்கள். உலக உருண்டையில் சென்னையில் ஒரு முனையையும் லண்டனில் மறு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்து விறைப்பாக்கினோம். சாதாரணப் பருத்தி நூல் உருண்டையில் ஒட்டிக்கொண்டு போட்ட இடத்திலேயே நிற்கும். பட்டு இழை வழுவழுப்பானது. இழுக்க இழுக்க வழுக்கி நகர்ந்து, மிகக் குறுகிய வழியில் தானே போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த வழிக்குப் பெயர் பெருவட்டம். பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு வில் அது.

பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். சுவரில் மாட்டிய தட்டைப் படத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அது அரேபியாவின் வடபகுதி வழியாகப் போகிறது. நூலோ அதற்கு மிக வடக்கே, காஸ்பியன் கடலுக்கு மேல் போகிறது. தட்டைப் படத்தின் நேர்க்கோடு குறுக்குவழி அன்று என்பதை விளக்க அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

தூரத்தையும் நூலாலேயே அளந்தோம். எங்கள் உருண்டையின் நிலநடுக்கோட்டைச் சுற்ற 94 செ.மீ. நூல் பிடித்தது. அது உண்மையில் ஏறத்தாழ 40,000 கி.மீ. அப்படியானால் 1 செ.மீ.க்கு 425 கி.மீ. சிங்கப்பூருக்கு 6.9 செ.மீ., லண்டனுக்கு 19.3 செ.மீ. விகித சமம் தெரிந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையும் மீதியைப் போட்டுவிடும்.

விமானங்கள் இந்த நூல் வழியை அப்படியே பின்பற்றுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வகுத்துவைத்த வான்வழிகள், புயல், மூடப்பட்ட வான்பரப்பு ஆகியவை வழியை வளைக்கும். 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடியே இருக்கிறது. போர் நடக்கும் இடத்தைச் சுற்றிப் போக எரிபொருளும் நேரமும் கூடுகின்றன.

தூரம் ஏழு மடங்கு, நேரம் ஏன் ஏழு மடங்கில்லை?

மதுரைக்கு 417 கி.மீ., 70 முதல் 80 நிமிடம். டெல்லிக்கு ஏறத்தாழ 1,760 கி.மீ., இரண்டே முக்கால் மணி. சிங்கப்பூருக்கு 2,920 கி.மீ., நான்கு மணிக்குச் சற்று மேல். சராசரி வேகம் கண்டால் மதுரைக்கு மணிக்கு 350 கி.மீ.யை ஒட்டியும், டெல்லிக்கு 640-உம், சிங்கப்பூருக்கு 715-உம் வருகின்றன. ஒரே வகை விமானம், மூன்று வேகமா?

காரணத்தை ஒரு நெசவாளர் வீட்டுப் பையனே சொன்னான். “ஒரு சேலை நெஞ்சாலும் மூணு சேலை நெஞ்சாலும் பாவு ஏத்தி இழை பிணைக்கிற வேலை ஒண்ணுதான் டீச்சர்.” அதேதான். பயணச்சீட்டு சொல்லும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறு ஊரில் நிறுத்துமிடத்துக்கு வருவது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது ஆகியவற்றால் ஏற்படும் தாமதம் ஏறத்தாழ 40 நிமிடம். எந்த ஊருக்குப் போனாலும் இது உண்டு. நடுவில் 10 கி.மீ.க்கு மேற்பட்ட உயரத்தில்தான் மணிக்கு 850 கி.மீ. வாக்கில் பறக்கிறது. எனவே,

பயண நேரம் = 40 நிமிடம் + (தூரம் ÷ 850) மணி

மதுரைக்கு 70 நிமிடம், டெல்லிக்கு 2 மணி 44 நிமிடம், சிங்கப்பூருக்கு 4 மணி 6 நிமிடம். பயணச்சீட்டிலிருந்து கண்ட 4 மணி 5 நிமிடத்தோடு ஒரு நிமிட வேறுபாடு! வரைபடத்தாளில் தூரத்தைக் கிடையாகவும் நேரத்தைச் செங்குத்தாகவும் குறித்தால் நேர்க்கோடு வருகிறது. ஆனால் அது ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. பத்தாம் வகுப்பில் நாம் படாதபாடு பட்டு விளக்கும் சாய்வு–வெட்டுத்துண்டு வடிவம் இதுதான். வெட்டுத்துண்டு என்பது அந்த 40 நிமிடம்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே போகும் ஏ.டி.ஆர். 72 வகை விமானத்தில் உந்துவிசிறி சுழல்கிறது. அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. அதனால்தான் மதுரையைவிடத் தூரம் குறைவாக இருந்தும் நேரம் குறைவதில்லை. சாய்வை மாற்றிப் போடச் சொன்னேன், போட்டார்கள்.

காற்றுக்கும் பங்கு உண்டு

காற்று தள்ளும் என்று நான் சொன்னது முழுப் பொய்யுமில்லை. அளவில்தான் தவறு. வட இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசுவது சாதாரணம். இதனால் லண்டனிலிருந்து சென்னைக்கு வருவதைவிடச் சென்னையிலிருந்து லண்டன் போக அரை மணி முதல் ஒரு மணி நேரம் கூடுதலாகலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தீபகற்ப இந்தியாவின் மேல் இதற்கு எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக, வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டம் வீசும். இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1950-களில் ஆராய்ந்து விளக்கியது இது. அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து வரும் விமானத்துக்குச் சில நிமிடங்கள் மிச்சமாகும். சில நிமிடங்கள்தான், ஐந்து மணி நேரம் அன்று.

“பூமி கிழக்கே சுத்துதே, ஹெலிகாப்டர் மேலேயே நின்னா லண்டன் தானா வந்துடாதா?” என்ற கேள்வியும் தவறாமல் வரும். ஓடும் ரயிலுக்குள் நாணயத்தைச் சுண்டினால் அது நம் கைக்கே திரும்புவதை நினைவூட்டுங்கள். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. அதில் மிதப்பதும் கூடவே வருகிறது.

நீங்களும் செய்து பார்க்க

இதற்குத் தேவை ஓர் உலக உருண்டை, வழுவழுப்பான நூல், அளவுகோல். உங்கள் மாணவர் வீட்டிலிருந்து யாராவது வெளியூரில் வேலை செய்யும் ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுங்கள். துபாய், தோகா, கோலாலம்பூர் என்று எங்கும் ஒருவர் இருப்பார். முதலில் நூலால் தூரத்தை அளக்கட்டும். பிறகு 40 நிமிட விதியால் பயண நேரத்தைக் கணிக்கட்டும். கடைசியாகத்தான் உண்மையான கால அட்டவணையைக் காட்டுங்கள். கடிகார வேறுபாட்டை நீக்கி ஒப்பிட்டு, வந்த வேறுபாட்டுக்குக் காரணம் எழுதட்டும். கணிப்பை முன்பே எழுதிவைப்பது முக்கியம். அட்டவணையை முதலில் பார்த்துவிட்டால் விடைக்கேற்பக் கணக்கை வளைப்பார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த அப்பா திரும்பிப் போனார். இரவு 11.15 விமானம். சிங்கப்பூரில் 5.50-க்கு இறங்கும் என்று சீட்டில் இருந்தது. மாணவி ஒரு தாளில் ‘நம்ம ஊர் நேரம் 3.20’ என்று பெரிதாக எழுதித் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டாள். “நாலு மணிக்குள்ள போன் வரும், அதுவரைக்கும் தூங்கு ஆயா” என்று சொன்னாளாம். மூன்றே முக்காலுக்குப் போன் வந்தது. ஆயா மட்டும் தூங்கவில்லை.